கொள்கலன் வீடுகள்: அசையும் பெட்டியும் அசையாச் சொத்தும்

சில ஆண்டுகளாக எங்கள் கிளைகளின் கடன் பிரிவுகளில் ஒரு புதுவகை விண்ணப்பம் தலைகாட்டத் தொடங்கியுள்ளது. ஊருக்கு வெளியே அரை ஏக்கர் நிலம் வைத்திருப்பவர் அதில் வார இறுதி வீடு ஒன்று வேண்டும் என்கிறார். நெடுஞ்சாலையோரம் சிற்றுண்டிக் கடை வைக்க விரும்பும் இளைஞர் வருகிறார். சிறிய பள்ளியொன்றின் நிர்வாகி கூடுதல் வகுப்பறைகளுக்காக வருகிறார். மூவர் கையிலும் இருக்கும் விளம்பரத் தாள் ஏறக்குறைய ஒன்றேதான். ‘கப்பலில் ஓடிய பழைய கொள்கலன் அழகிய வீடாகிறது, சில வாரங்களில் தயார், கட்டட அனுமதி தேவையில்லை, வங்கி வீட்டுக்கடன் கிடைக்கும்’ என்பது அதன் சாரம்.

இந்நான்கு கூற்றுகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் உண்மை. மூன்றாவதும் நான்காவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க இயலாது. அனுமதி தேவையில்லாத அளவுக்கு ஒரு பெட்டி அசையும் பொருளாக இருக்குமானால் அதன்மீது வீட்டுக்கடன் தர வழியில்லை. வீட்டுக்கடன் தரும் அளவுக்கு அது நிலத்தோடு நிலைபெற்றிருக்குமானால் அனுமதியின்றி அதை நிறுவ முடியாது. முன்பணம் கொடுத்த பிறகே இம்முரண்பாட்டை அறிந்துகொள்ளும் வாடிக்கையாளர்களை நாங்கள் காண்பதால், இப்பொருளைச் சற்று விரிவாகவே எழுத முற்பட்டோம்.

பெட்டியின் பிறப்பும் அமைப்பும்

பேச்சுவழக்கில் கண்டெய்னர் எனப்படும் சரக்குக் கொள்கலன் இன்றைய வடிவில் உலகுக்கு அறிமுகமானது 1956இல். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு, ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகள் ஏற்றிச் செல்லப்பட்டன. அதற்கு ஏற்பாடு செய்த மால்கம் மெக்லீன் கப்பல் துறையைச் சேர்ந்தவர் அல்லர். லாரிப் போக்குவரத்துத் தொழில் நடத்தி வந்தவர். மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கும் கூலியும் காலமும் வீணாவதைக் கண்டு, பெட்டியையே அப்படியே தூக்கி வைத்துவிடலாம் என்று எண்ணியவர் அவர். 1968 முதல் வெளிவந்த ஐஎஸ்ஓ தரநிலைகள் பெட்டியின் அளவுகளை உலகெங்கும் ஒன்றாக்கின. அதனால்தான் சீனாவில் செய்த பெட்டி நவிமும்பையின் நவசேவா துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி, தில்லி துக்ளகாபாத் உள்நாட்டு முனையம் வரை எந்தத் தடையுமின்றிப் போய்ச் சேர்கிறது.

வீடாக்கத்துக்குப் பெரிதும் பயன்படுபவை 20 அடி, 40 அடி நீளமுள்ள பெட்டிகள். இரண்டுக்கும் வெளியகலம் 8 அடி, அதாவது 2.44 மீட்டர். உட்புற அகலம் ஏறத்தாழ 2.35 மீட்டர்தான். வழக்கமான பெட்டியின் உட்புற உயரம் ஏறத்தாழ 2.39 மீட்டர். ‘ஹை கியூப்’ எனப்படும் உயரமான வகையில் அது ஏறத்தாழ 2.69 மீட்டர். இந்த எண்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இவற்றுக்கு வேலை இருக்கிறது.

பெட்டியின் வலிமை எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சரக்கு நிரம்பிய பெட்டிகளைக் கப்பலில் எட்டு ஒன்பது அடுக்கு வரை ஏற்றுகிறார்கள். அந்தப் பாரம் முழுவதும் நான்கு மூலைகளிலுள்ள எஃகுத் தூண்கள் வழியாகவே கீழிறங்குகிறது. பக்கச் சுவர் சுமார் 2 மில்லிமீட்டர் கனமுள்ள நெளிதகடு மட்டுமே. அதன் பணி பெட்டி சாய்ந்து கோணாமல் இறுக்கிப் பிடிப்பது. கூரைத் தகடோ பாரம் தாங்கவே அமைக்கப்படவில்லை. ஆகவே பெட்டியை நான்கு மூலைகளிலும் அடித்தளம் கொடுத்து நிறுத்த வேண்டும். கதவுக்கும் சன்னலுக்கும் சுவரை வெட்டினால், வெட்டிய இடத்தைச் சுற்றி எஃகுச் சட்டம் பற்றவைத்து, இழந்த உறுதியை ஈடுகட்ட வேண்டும். மண்ணுக்குள் புதைத்து நிலவறை ஆக்கும் ஆசை சிலருக்கு உண்டு. பக்கவாட்டில் அழுத்தும் மண்ணைத் தாங்கும் வலு அந்த மெல்லிய தகட்டுக்குக் கிடையாது என்பதால் அதை நாங்கள் ஒருபோதும் ஊக்குவிப்பதில்லை.

உலகம் இதை எதற்குப் பயன்படுத்தியது?

கொள்கலனைக் குடியிருப்பாக மாற்றும் முறைக்கு அமெரிக்காவில் பிலிப் கிளார்க் என்பவர் 1987இல் விண்ணப்பித்து 1989இல் காப்புரிமை பெற்றார். 2001இல் லண்டனின் டிரினிட்டி பாய் வார்ஃப் பகுதியில் ‘கண்டெய்னர் சிட்டி’ என்ற பணியறைத் தொகுதி எழுந்தது. சில ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாம் நகரம் மாணவர் விடுதித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ‘கீட்வோனன்’ என்னும் குடியிருப்பை அமைத்தது. ஏறக்குறைய 1,000 பெட்டி அறைகள் கொண்ட அது தொடக்கத்தில் ஐந்தாண்டுக் காலத்துக்கென்றே திட்டமிடப்பட்டது.

ஜப்பானின் ஒனகாவா நகரம் நம்மை நெகிழச் செய்யும் எடுத்துக்காட்டு. 2011 மார்ச் மாதச் சுனாமிக்குப் பிறகு வீடிழந்தோருக்குத் தற்காலிகக் குடியிருப்பு அமைக்கச் சமதள நிலம் போதவில்லை. கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், பேஸ்பால் மைதானம் ஒன்றில் 20 அடிப் பெட்டிகளைச் சதுரங்கக் கட்டங்கள்போல் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று மாடி வரை அடுக்கினார். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே விடப்பட்ட வெற்றிடமே காற்றும் வெளிச்சமும் நிறைந்த கூடமாயிற்று. குறுகிய அகலமே பெட்டியின் பெருங்குறை. அதைப் பெட்டியை வெட்டாமலே தீர்த்த அறிவுக்கூர்மை இது. கத்தாரின் தோகாவில் 2022 உலகக்கோப்பைக் கால்பந்துக்காக எழுந்த ‘974’ அரங்கத்தையும் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். அதில் பயன்பட்ட பெட்டிகள் 974; கத்தாரின் தொலைபேசிக் குறியீட்டெண்ணும் அதுவே. போட்டி முடிந்தபின் பிரித்தெடுக்கத்தக்க வகையில் அது வடிவமைக்கப்பட்டது.

இவற்றை ஒருசேர நோக்கும்போது ஒன்று புலப்படுகிறது. ஒரே அறை நூறு முறை, ஆயிரம் முறை தேவைப்பட்ட இடத்திலும், அவசரமாகத் தேவைப்பட்ட இடத்திலும், பின்னொரு நாள் பிரித்து அகற்ற வேண்டிய இடத்திலும் கொள்கலன் சிறந்த விடையாக இருந்திருக்கிறது. தனிக் குடும்பம் ஒன்று தலைமுறைக்கும் வாழ்வதற்கான மலிவு வீடு என்ற பெயரை அது உலகில் எங்கும் அவ்வளவாக ஈட்டவில்லை. நம் நாட்டிலும் கட்டுமானக் களங்களின் அலுவலகம், காவலர் அறை, தொழிலாளர் தங்குமிடம், சாலையோர உணவகம் ஆகியவற்றில்தான் இப்பெட்டி நன்கு பயன்பட்டு வருகிறது. இது எங்கள் கருத்து மட்டுமே. மாறாக எண்ணும் கட்டடக் கலைஞர்களும் இருக்கிறார்கள்.

வெயில், மழை, காற்று

நம் நாட்டில் இத்தகைய வீட்டின் முதல் எதிரி வெயில். செங்கல்லைக் காட்டிலும் எஃகு ஐம்பது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். சுவரின் கனமோ 2 மில்லிமீட்டர். மே மாத நண்பகலில் வெப்பக் காப்பு இல்லாத பெட்டிக்குள் மனிதர் அமர முடியாது. ஆகவே பாலியூரித்தேன் நுரையோ கல்நாரிழையல்லாத கனிமப் பஞ்சோ சுவரிலும் கூரையிலும் பொருத்தி, அதன்மேல் உள்பலகை அடிக்கிறார்கள். இதைவிடவும் பயன் தருவது மேலே தனியாக ஒரு நிழற்கூரை அமைத்து, இரண்டுக்கும் இடையில் காற்று ஓட விடுவது. செலவு குறைவு, பலன் மிகுதி. ஆனால் விளம்பரப் படங்களில் அது அழகாக இராது என்பதாலோ என்னவோ, பல மதிப்பீட்டுப் பட்டியல்களில் நாங்கள் அதைக் காண்பதில்லை.

ஈரமும் கவனிக்கத்தக்கது. வட இந்தியக் குளிர்காலத்தில் உள்ளிருப்போரின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகட்டில் நீர்த்துளிகளாகப் படியும். காப்புப் பஞ்சு தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டியிராவிட்டால் அந்த நீர் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். கொள்கலனுக்குப் பயன்படும் எஃகு வெளிக்காற்றில் தன்மேல் தானே ஒரு பாதுகாப்புப் படலம் பூசிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. என்றாலும் உப்புக் காற்று வீசும் கடற்கரையில் அப்படலம் நிலைத்து நிற்பதில்லை. வண்ணப்பூச்சைக் குறித்த கால இடைவெளியில் புதுப்பிக்கத்தான் வேண்டும்.

பெட்டி கனமானது, காற்று அதை என்ன செய்யும் என்று கேட்போர் உண்டு. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்தியத் தரநிலை ஐஎஸ் 875இன் மூன்றாம் பகுதி சென்னை, விசாகப்பட்டினம், புவனேசுவரம் போன்ற நகரங்களுக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரைக் குறிக்கிறது. அவ்வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,500 நியூட்டன் அழுத்தம் உண்டாகும். 20 அடிப் பெட்டியின் நீளப் பக்கம் 15 சதுர மீட்டருக்குச் சற்று மேல். எனவே அதைத் தள்ளும் விசை ஏறத்தாழ 2,400 கிலோ எடைக்குச் சமம். வெறும் பெட்டியின் எடையோ 2,200 முதல் 2,300 கிலோ வரைதான். எளிமையாக்கிய கணக்கு என்றாலும், புயற்பகுதியில் பெட்டியைச் செங்கல் மேடையில் வெறுமனே தூக்கி வைத்துவிட்டுப் போகக்கூடாது என்பதற்கு இது போதும். மூலை வார்ப்புகளை அடித்தளக் கான்கிரீட்டோடு போல்ட் கொண்டோ பற்றவைத்தோ பிணைக்க வேண்டும். இந்தப் பிணைப்பைப் பற்றிச் சட்டமும் ஒரு கேள்வி கேட்கப் போகிறது. அதைப் பின்னர் காண்போம்.

தரைப்பலகையையும் மறந்துவிடலாகாது. பெட்டியின் தரை ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகை. கப்பல் வழியே பூச்சிகள் பரவாதிருக்க அதில் பூச்சிக்கொல்லி ஏற்றப்படுவது வழக்கம். பெட்டியின் கதவில் பொறிக்கப்பட்ட பாதுகாப்புத் தகட்டில் எந்த மருந்து, எப்போது என்ற குறிப்பு இருக்கும். குழந்தைகள் தவழும் வீட்டில் அந்தப் பலகையை அப்புறப்படுத்துவதோ முற்றிலும் மூடி அடைப்பதோ நல்லது. முன்பு என்ன சரக்கு ஏற்றப்பட்டது என்பதையும் இயன்றவரை விசாரிக்க வேண்டும்.

ஐந்து சென்டிமீட்டர் தரும் தொல்லை

முன்னர்ச் சொன்ன அளவுகளுக்கு இப்போது வருவோம். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இன்படி, வசிக்கும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையலாகாது. குளிரூட்டப்பட்ட அறையானால் 2.4 மீட்டர் போதும். ஒற்றை அறை வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையாமலும், அதன் அகலம் 2.4 மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். நம் பெட்டியின் உட்புற அகலமோ 2.35 மீட்டர். காப்பும் பலகையும் பொருத்தியபின் 2.2 மீட்டராகச் சுருங்கிவிடும். உயரமான வகைப் பெட்டியும் 2.75 மீட்டரை எட்டுவதில்லை. ஆகக் காப்பு பொருத்துவதற்கு முன்பே அகலத்தில் ஐந்து சென்டிமீட்டர், உயரத்தில் ஆறு சென்டிமீட்டர் பற்றாக்குறை. கடற்பயணத்துக்கென வகுத்த அளவு வீட்டு விதிகளை அறிந்திருக்க நியாயமில்லைதான்.

இதற்கு மாற்று இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து நடுச்சுவரை நீக்குவது. அகலம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அப்போது உறுதிக்குக் காரணமான சுவர்களையே அகற்றுகிறோம். கூடுதல் தூண்களும் உத்தரங்களும் தேவை. அவற்றுக்குக் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும் கையொப்பமும் தேவை. தேசியத் தொகுப்பு ஒரு முன்மாதிரி மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் மாநிலத்தின், உங்கள் உள்ளாட்சியின் விதி. அதைக் கேட்டறிந்த பிறகே வரைபடம் போடுங்கள்.

விலைக்கும் இந்த அகலத்துக்கும் தொடர்புண்டு. விற்பனையாளர்கள் 20 அடிப் பெட்டியை 160 சதுர அடி என்று வெளியளவால் கணக்கிடுவார்கள். உட்புறம் ஏறத்தாழ 149 சதுர அடி. காப்பும் பலகையும் போக எஞ்சுவது 136 சதுர அடி அளவே. எடுத்துக்காட்டாகச் சதுர அடி ரூ.1,600 என்று விலை சொன்னால் மொத்தம் ரூ.2,56,000. பயன்படும் பரப்பால் வகுத்தால் சதுர அடி ரூ.1,882 ஆகிறது. கிரேன் வாடகை, டிரெய்லர் கூலி, அடித்தளம், கழிவுநீர்த் தொட்டி, மின்னிணைப்பு, நிழற்கூரை ஆகியவை பட்டியலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். டிரெய்லர் திரும்ப இடமில்லாத ஊர்ச்சந்து ஒன்றினால் கிரேன் செலவு இருமடங்கான கதையும் உண்டு. பெட்டியின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே என்பதைக் கணக்கெழுதிப் பார்த்தவர்கள் விரைவில் உணர்கிறார்கள்.

சட்டம் எதைப் பார்க்கிறது?

வங்கியின் பார்வைக்கு வருவோம். வீட்டுக்கடன் என்பது அசையாச் சொத்தின் அடமானத்தின்மேல் தரப்படுவது. பெரும்பாலும் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 58ஆம் பிரிவில் கூறும் உரிமைப் பத்திர ஒப்படைப்பு அடமானமாகவே அது அமைகிறது. இங்கு ஒப்படைக்கப்படுவது நிலத்தின் மூலப்பத்திரம். பெட்டி வாங்கிய ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நிலம் உங்களுடையதாக இருந்து, பெட்டி வீடு அந்நிலத்தின் பகுதியாகிவிட்டால் மட்டுமே அடமானம் இரண்டையும் தழுவும்.

நிலத்தின் பகுதியாவது எப்போது? 1897ஆம் ஆண்டின் பொது உறுப்புகள் சட்டம், நிலத்தோடு இணைந்தவற்றையும் அவ்வாறு இணைந்தவற்றோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டவற்றையும் அசையாச் சொத்தில் சேர்க்கிறது. எப்படிப் பிணைக்கப்பட்டுள்ளது, எந்த நோக்கத்தோடு பிணைக்கப்பட்டது, சேதமின்றிக் கழற்றி வேறிடம் கொண்டுபோக இயலுமா என்பவற்றையே நீதிமன்றங்கள் ஆராய்கின்றன. இதில் விடை எப்போதும் எளிதன்று. கைப்பேசிக் கோபுரங்கள் சொத்துவரி நோக்கில் ‘கட்டடம்’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் கூறியது. 2024 நவம்பரில், வரி வரவு தொடர்பான வேறொரு வழக்கில், அத்தகைய கோபுரங்களும் அவற்றோடு நிறுவப்படும் முன்தயாரிப்பு அறைகளும் பிரித்தெடுத்து வேறிடத்தில் நிறுவத்தக்கவை, ஆதலால் அசையும் பொருள்களே என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் எழுந்த கேள்விகள், முரண் இல்லை. ஆயினும் ஒரே பொருள் ஓரிடத்தில் கட்டடமாகவும் மற்றோரிடத்தில் சரக்காகவும் கருதப்படலாம் என்பதை இவை காட்டுகின்றன.

அனுமதி வேண்டாம் என்று விற்பனையாளர் சொல்வதற்கும் ஓர் ஆதாரம் இல்லாமலில்லை. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம் கட்டடம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் செங்கல், மரம், மண், உலோகம் என எப்பொருளால் ஆன அமைப்பையும் சேர்த்துவிட்டு, எடுத்துச் செல்லத்தக்க தங்குமிடத்தை மட்டும் விலக்குகிறது. உலோகம் என்ற சொல் அங்கே இருப்பதைக் கவனிக்க வேண்டும். கான்கிரீட்டில் போல்ட் அடித்து, குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் இணைத்து, குடும்பத்தோடு வசிக்கும் ஒன்றை எடுத்துச் செல்லத்தக்க தங்குமிடம் என்று வாதிடுவது கடினம். வாதிட்டு வென்றாலோ, வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் அதற்கு நேர்மாறாகச் சொல்ல வேண்டிவரும்.

எங்கள் கிளையொன்றுக்கு வந்த ஓர் ஆசிரியரின் நிலை இதுதான். நாற்பத்தைந்து வயதுக்காரர்; வட்டித் தவணையை ஒருநாளும் தவறவிடாதவர். தம் விளைநிலத்தில் இரண்டு பெட்டிகளை இணைத்த வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, மீதி ரூ.8 லட்சத்துக்கு வீட்டுக்கடன் கேட்டார். நிலம் இன்னும் விவசாய வகைப்பாட்டில் இருந்தது. வரைபட அனுமதி இல்லை. பொறியாளர் சான்றும் இல்லை. கிளை மேலாளரால் தர முடிந்தது தனிநபர் கடன் மட்டுமே. வேறுபாட்டை எடுத்துக்காட்டு வட்டிகளால் காட்டலாம். 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டு வீட்டுக்கடனானால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.6,943. 12 விழுக்காட்டில் 5 ஆண்டுத் தனிநபர் கடனானால் ரூ.17,796. குறுகிய காலக் கடனில் மொத்த வட்டி குறைவுதான் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மாத ஊதியத்திலிருந்து இரண்டரை மடங்கு தொகையை எடுத்து வைப்பது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் சிறிய செய்தியன்று. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு முதலில் விண்ணப்பித்திருந்தால் அவருக்கு வேறு வழி திறந்திருக்கும்.

ஆகவே விண்ணப்பிப்போருக்கு எங்கள் முதற்கேள்வி, இந்தப் பெட்டி நிற்கப் போகிறதா, நகரப் போகிறதா என்பதே. நிற்கப் போகிறது என்றால் வழக்கமான வீடு கட்டுவதுபோலவே தொடங்க வேண்டும். நிலத்தின் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, நிலப் பயன்பாட்டு ஆணை, உள்ளாட்சி அனுமதித்த வரைபடம், கட்டமைப்புப் பொறியாளர் சான்று ஆகியவை வேண்டும். அடித்தளமும் பிணைப்பும் வரைபடத்திலேயே காட்டப்பட்டிருக்க வேண்டும். எங்கள் மதிப்பீட்டாளர் வீட்டின் எஞ்சிய ஆயுளைக் கேட்பார். பத்துப் பதினைந்து ஆண்டு கடலில் உழைத்த பெட்டிக்குச் செங்கல் வீட்டுக்குரிய ஆயுளை அவர் எழுதமாட்டார். கடன் காலம் அதற்கேற்பச் சுருங்கலாம். ரிசர்வ் வங்கி வகுத்த வரம்பின்படி ரூ.30 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காடு வரை போகலாம் என்றாலும், அது மேல்வரம்பு மட்டுமே. சொத்தின் மதிப்பு பெரும்பாலும் நிலத்திலேயே இருக்கும் இத்தகைய நேர்வுகளில் வங்கி அதைவிடக் குறைவாகத் தருவதே இயல்பு.

நகரப் போகிறது என்றால் பெட்டியை இயந்திரம்போல் கருதுங்கள். குத்தகை நிலத்தில் கடை வைக்கும் இளைஞருக்கு இதுவே உகந்தது என்பது எங்கள் எண்ணம். குத்தகை முடிந்ததும் செங்கல் கடையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பெட்டியை டிரெய்லரில் ஏற்றிச் செல்லலாம். இதற்கு வணிகத் தவணைக் கடன் உண்டு. வாகனக் கடனில் பதிவுச் சான்றில் எழுதப்படும் ஹைப்போதிகேஷன் போன்ற உரிமைக்குறிப்பு பெட்டியின்மேலும் ஏற்படுத்தப்பட்டு, செர்சாய் பதிவேட்டில் பதியப்படும். சிறு தொழில்களுக்கு முத்ரா திட்டத்தில் ரூ.10 லட்சம் வரை பெறலாம். முந்தைய தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு அது ரூ.20 லட்சம் வரை. நகர்த்த எண்ணும் பெட்டியை நிலத்தோடு பற்றவைத்துவிடாதீர்கள். காற்றுக்குப் பிணைப்பு தேவையெனில் கழற்றத்தக்க போல்ட்டுகளால் பிணையுங்கள். காப்பீடு எடுக்கும்போது இது எஃகுக் கொள்கலன் அமைப்பு என்பதை முன்மொழிவுப் படிவத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இழப்பு நேர்ந்த பிறகு தெரிவிப்பதால் பயனில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டிய தாள்கள்

பழைய கொள்கலன் சந்தையில் பலரும் அறியாத ஒரு சுங்கச் சிக்கல் உண்டு. வெளிநாட்டுக் கப்பல் நிறுவனங்களின் பெட்டிகள் நம் நாட்டுக்குள் வரும்போது அவற்றுக்குச் சுங்க வரி வாங்கப்படுவதில்லை. ஆறு மாதங்களுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்வோம் என்ற உறுதிப்பத்திரத்தின் பேரில் தரப்படும் விலக்கு அது. அப்பெட்டி இங்கேயே தங்கி விற்கப்படுமானால் வரி செலுத்தப்பட்டாக வேண்டும். எனவே ஜிஎஸ்டி ரசீது மட்டும் போதாது; உள்நாட்டு விற்பனைக்காக வரி செலுத்தியதைக் காட்டும் ‘பில் ஆஃப் என்ட்ரி’ ஆவணத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அடையாள எண் உண்டு. நான்கு எழுத்துகள், ஆறு இலக்கங்கள், கடைசியில் கட்டமிட்ட ஒரு சரிபார்ப்பு இலக்கம் என அது அமைந்திருக்கும். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைக் குறிக்கும். கதவிலுள்ள பாதுகாப்புத் தகட்டில் பெட்டி தயாரான ஆண்டு, மாதம், தாங்கும் எடை ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். வண்ணம் அடித்து எண்ணை மறைத்த பிறகே பெட்டியைக் காட்டுகிறார்கள் என்றால் காரணம் கேளுங்கள். சுங்க ஆவணத்திலும் ரசீதிலும் பெட்டியின்மேலும் ஒரே எண் இருக்க வேண்டும். அந்த எண்ணையும் பாதுகாப்புத் தகட்டையும் வண்ணப்பூச்சுக்கு முன்பே ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் விண்ணப்பத்தோடு அப்படங்களையும் இணைத்தால் எங்கள் மதிப்பீட்டாளரின் வேலை பாதி குறையும்.

பெட்டியைப் பார்க்கப் போகும்போது ஒன்று செய்யலாம். உள்ளே நுழைந்து கதவுகளை வெளியிலிருந்து மூடச் சொல்லுங்கள். நம்பகமான ஒருவர் வெளியே நிற்கட்டும். பகல் வெளிச்சம் எங்காவது ஊசித்துளையாகத் தெரிகிறதா என்று கூரையையும் மூலைகளையும் பாருங்கள். தெரிந்தால், மழையும் அந்த வழியாகத்தான் வரும். விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது அடுத்த பெட்டிக்குப் போகலாம்.